சுபாருவா, ஆடியா? டர்பன் உப்புக்காற்றில் ஒரு பழைய ஆல் வீல் டிரைவ் கார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். பேச்செல்லாம் டர்பன் ஆங்கிலம். நடுவே 'அண்ணா', 'ஆயா' மட்டும் தமிழ். மூன்று மாதமாக வாசலில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அண்ணா, டபிள்யூஆர்எக்ஸா, குவாட்ரோவா?"

அவன் கேட்பது சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் செடானைப் பற்றியும், 1990களின் ஆடி ஏ4 குவாட்ரோவைப் பற்றியும். இரண்டுமே ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டிகள்; ஆடி அதற்கு வைத்த பெயர்தான் குவாட்ரோ. நான் ஆறு வருஷம் 1.8 டர்போ எஞ்சின் வைத்த ஏ4 குவாட்ரோ ஓட்டினேன். இப்போது என்னிடம் இருப்பது டர்போ இல்லாத ஒரு சுபாரு லெகசி. அதைப் பார்த்தால் அவனுக்குக் கொட்டாவி வருகிறது. அதையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

தேர்வுப் பட்டியல் ஏன் இவ்வளவு சின்னது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஎம்டபிள்யூ 325ஐஎக்ஸ், மெர்சிடிஸ் டபிள்யூ124 ஃபோர்மேட்டிக் என்று படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டையும் இடது பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே செய்தார்கள். வலது பக்க ஸ்டியரிங் ஓடும் நம் ஊருக்கு அவை வரவே இல்லை. ஜப்பானிலிருந்து பழைய கார் கொண்டுவரலாமே என்றால், அதுவும் ஆகாது. டர்பன் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகப் பழைய ஜப்பான் கார்கள் இறங்குவது உண்மைதான். அவை ஜிம்பாப்வே, ஜாம்பியா என்று அக்கம்பக்க நாடுகளுக்குப் போகிற சரக்கு. பயன்படுத்திய காரை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்து பதிவு செய்ய வர்த்தக ஆணையத்தின் அனுமதி வேண்டும். குடியேறி வருகிறவர், ஊர் திரும்புகிறவர் போன்ற சிலருக்குத்தான் அது கிடைக்கும். "பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது ஒரு மிட்சுபிஷி கேலன்ட் விஆர்-4ஐக் காட்டினால், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வண்டி ஒருநாள் போலீஸ் யார்டில் நிற்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

ஆக இங்கே முறையாக விற்கப்பட்ட வண்டிகளில்தான் தேட வேண்டும். பழைய செடான், நாலு சக்கரத்துக்கும் விசை என்றால் பெரும்பாலும் ஆடி அல்லது சுபாருதான் மிஞ்சும்.

டர்பனில் இது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கோடை மழையில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில், லாரிகள் சிந்திய டீசலும் தண்ணீரும் கலந்து ரோடு வழவழப்பாகும்போது இந்த வண்டியின் அருமை தெரியும். டோங்காட் பக்கம் கரும்புக் காட்டுச் செம்மண் பாதையில் தெரியும். பனி என்றால், வருஷத்தில் எப்போதாவது மலைப்பக்கம். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் பனி கொட்டி, என்3 நெடுஞ்சாலை அடைபட்டு, வண்டிகள் இரவெல்லாம் அப்படியே நின்றன. அந்த மாதிரி ராத்திரியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஆல் வீல் டிரைவும் நின்றுதான் ஆக வேண்டும். சானி கணவாய் ஏறலாமா என்று பையன் கேட்டான். அது உயரமான ஃபோர் பை ஃபோர் வண்டிக்கான பாதை. செடான் ஏறினால் எண்ணெய்த் தொட்டிதான் முதலில் பாறையைத் தொடும்.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

ஏ4 முதல் தலைமுறை, பி5 என்று சொல்வார்கள், 1990களின் நடுவில் தொடங்கி 2001 வரை. குவாட்ரோவின் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் பகுதி) டோர்சன் வகை, முழுக்கப் பல்சக்கரங்களால் ஆனது. முன்னும் பின்னும் பாதிப்பாதியாக விசை போகும். ஒரு பக்கம் பிடி குறைந்தால் வழுக்கும் முன்பே மறுபக்கம் தள்ளும். சுபாருவின் மேனுவல் வண்டிகளில் அந்த வேலையை விஸ்கஸ் கப்ளிங் செய்கிறது: சிலிக்கான் எண்ணெய்க்குள் சுழலும் தட்டுகள். கொஞ்சம் வழுக்கிய பிறகுதான் அது இறுகும். ஓட்டும்போது ஆடிதான் உசத்தி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழையில் என்2 நெடுஞ்சாலையில் அது போகிற போக்கு தண்டவாளத்தில் போகிற மாதிரி. டோர்சனும் ஆறு வருஷத்தில் ஒரு ரூபாய் செலவு வைக்கவில்லை. செலவு வைத்ததெல்லாம் அதைச் சுற்றியிருந்த மற்ற எல்லாமும்தான்.

முதலில் முன்பக்க சஸ்பென்ஷன். ஒவ்வொரு முன்சக்கரத்தையும் பிடித்திருக்க நாலு கை (ஆர்ம்), மொத்தம் எட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் புஷ், ஒரு பால் ஜாயின்ட் (சுழலும் மூட்டு). ஒன்று கிறீச்சிடத் தொடங்கினால் மற்ற ஏழும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். நான் போன வொர்க்ஷாப் ஒவ்வொரு தடவையும் கிறீச்சிட்ட கையை மட்டும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கூலியும் அலைன்மென்ட்டும் போட்டு, ஒன்றரை வருஷத்தில் நாலு பில் கொடுத்தது. மொத்தமாக எட்டுக் கைகளும் செட்டாகவே கிடைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்து அந்த போல்ட். மேல் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட், சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய நக்கிளுக்குள் போகிறது. எஃகும் அலுமினியமும் உப்புக்காற்றில் சேர்ந்து இருபது வருஷம் குடித்தனம் நடத்தினால் பிரிக்க முடியாது. சூடுபடுத்தி, அடித்து, கடைசியில் துளையிட்டுத்தான் என்னுடையதை எடுத்தார்கள். ஆடி பார்க்கப் போனால் இதைக் கேளுங்கள்: "மேல் கைகள் எப்போது மாற்றினீர்கள், அந்த போல்ட் எப்படி வந்தது?" உண்மையில் மாற்றியவருக்கு அந்த நாள் மறந்திருக்காது.

இரண்டாவது, தண்ணீர். இந்த மாடலில் பேட்டரி, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் வடிகால் பேட்டரிக்கு அடியில். வீட்டு வாசலில் மாமரம் இருக்கிறவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இலை அடைத்து, மழைநீர் ஏறி, காருக்குள் இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் சென்ட்ரல் லாக்கிங் பெட்டியை நனைக்கும். ஒரு ஜனவரி ராத்திரி என் கார் தானாகப் பூட்டி, தானாகத் திறந்து, கண்ணாடியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆயா அதைப் பார்த்துவிட்டு, காலையில் கற்பூரம் காட்டச் சொன்னார். வடிகாலைக் குத்தி விட்டிருந்தால் போதும்.

எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். 1.8 டர்போவை கோல்ஃபிலும் பசாட்டிலும் போட்டிருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை கரீகாவிலேயே இருக்கிற நாட்டில் அதன் கோளாறு தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் உண்டு. கரீகாவை யூட்டன்ஹேக் என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும், 2021இல்தான் பெயர் மாறியது. ஆனால் ஏ4இல் நீளவாக்கில் வைத்த இந்த எஞ்சின் பிடிக்கும் எண்ணெய் குறைவு. தாமதமாக எண்ணெய் மாற்றியிருந்தால் அது தார் மாதிரிக் கெட்டியாகி, உறிஞ்சு குழாயின் வலையை அடைத்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கறுப்புப் படிவு இருந்தால் விலை பேசவே வேண்டாம். குவாட்ரோவுக்கு மட்டுமே உரிய பாகங்கள் வேறு கதை. பின் டிஃபரன்ஷியல், பின்பக்கம் விசை கொண்டுபோகும் நீள ஷாஃப்ட்டின் நடு பேரிங், ஷாஃப்டுக்கு இடம் விட்டு வளைத்த பெட்ரோல் டேங்க் ஆகியவை முன்சக்கர ஏ4களிலிருந்து வராது. நடு பேரிங்குக்காக ஐந்து வாரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஏ4இன் வேக வடிவமான எஸ்4 பற்றி ஒரு பத்தி போதும். 2.7 லிட்டர், இரட்டை டர்போ, 195 கிலோவாட், ஆறு கியர். பேய் மாதிரிப் போகும். டர்போ போனால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும். எஞ்சின் இறக்கும் காசை வாங்கும் அன்றே தனியாக எடுத்து வைக்க முடிந்தவர் வாங்கட்டும்.

இனி டபிள்யூஆர்எக்ஸ். பையனின் மொபைல் முகப்புப் படமே அதுதான்.

1990களின் முதல் இம்ப்ரெஸா, 2000க்குப் பிந்தைய வட்டக்கண் வண்டி, அதன் அடுத்தடுத்த முகங்கள் எல்லாமே நம் சாலைகளில் உண்டு. படுக்கை வாட்டத்தில் பாக்ஸர் எஞ்சின், தாழ்வான எடை, 1,250 கிலோவை ஒட்டிய முதல் தலைமுறை. பி5 எஸ்4 அதைவிடச் சுமார் 250 கிலோ கூட. எடை இங்கே வெறும் ஓட்டும் சுகத்துக்கான கணக்கும் இல்லை: வருடாந்திர லைசன்ஸ் டிஸ்க் கட்டணமே வண்டியின் வெற்று எடையை வைத்துத்தான்.

சுபாருவின் பெரிய நன்மை ஃபாரஸ்டர். அந்த ஸ்டேஷன் வேகன் மாதிரி வண்டியை இந்த நாட்டில் நிறையப் பேர் வாங்கினார்கள். இம்ப்ரெஸா, லெகசி, ஃபாரஸ்டர் மூன்றும் அண்ணன் தம்பிகள். வீல் பேரிங், ஹப், சென்சார், மவுண்டிங், சில கியர்பாக்ஸ் பாகங்கள் வரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஸ்க்ராப் யார்டில் ஒரு விபத்து ஃபாரஸ்டர் வந்து சேர்ந்தால் எங்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. ஆடிக்கு ஐந்து வாரம் காத்திருந்த எனக்கு, லெகசியின் பின் ஹப் ஒரே சனிக்கிழமையில் கிடைத்தது.

தீமை, அந்த வண்டியை இதுவரை ஓட்டியவர்கள். டபிள்யூஆர்எக்ஸைப் பாட்டி ஒருத்தர் கோயிலுக்கு மட்டும் ஓட்டினார் என்ற கதையை நம்பாதீர்கள். இருபது வயதுப் பையன்கள் நாலு பேர் கைமாறியிருக்கும். ஒவ்வொருவரும் டர்போவின் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) கொஞ்சம் ஏற்றி, சைலன்சரைக் கொஞ்சம் அறுத்திருப்பார்கள். முதல் தலைமுறையின் ஐந்து கியர் பெட்டியைக் கண்ணாடி என்றே சொல்வார்கள்; ரோபோவில் பச்சை விழுந்ததும் கிளட்சைப் படாரென்று விட்டால் உடையும். (ட்ராஃபிக் சிக்னலை இங்கே ரோபோ என்போம். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் தேடினேன்.) 2006 முதல் வந்த 2.5 லிட்டர் டர்போவில் பிஸ்டனின் ரிங் விளிம்பு உடையும் பழக்கம் உண்டு, மேப்பில், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பில், கைவைத்த வண்டியில் இன்னும் அதிகம். எனவே வாங்கினால் 2.0 லிட்டர், 2001க்கும் 2005க்கும் இடையில், கம்பெனி கொடுத்தபடி இருக்கும் வண்டி. ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதையே தூக்கிப் போட்டவர் வேறு எதை விட்டுவைத்திருப்பார்?

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய எஞ்சினில் அடியிலிருந்து டொக் டொக் என்று ஆழமான சத்தம் வந்து, சூடானதும் அழுத்தமாகக் கேட்டால் பேரிங் போகிறது. கூலன்ட் டப்பாவில் குமிழி வந்தால், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அப்புறம் காலி பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, மெதுவாக எட்டுப் போடுங்கள். வண்டி திமிறினால், டயர் கிறீச்சிட்டுக் குதித்தால், நடு கப்ளிங் இறுகிவிட்டது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும். இருந்தும் இதைச் செய்யாமல் பணம் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டு பிராண்டுக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்: டயர். நாலும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். சுற்றளவு வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாரு சொல்லும் கணக்கு. இல்லாவிட்டால் நடு டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலேயே ஓயாமல் உழைத்து வெந்துவிடும். குழி இல்லாத நாடாக இருந்தால் கவலை இல்லை. மூய் ரிவர் தாண்டி, ராத்திரி, மழை, தண்ணீர் நிரம்பிய குழி: ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்தது, நான் நாலு டயர் வாங்கினேன். அன்றிலிருந்து நாலு வாங்கும்போது ஐந்தாக வாங்கி, ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து ஓட்டுகிறேன். முன்சக்கர கொரோலா வைத்திருக்கும் மச்சான் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அந்த கொரோலாக்களின் தொழிற்சாலை இதே டர்பனில், ப்ராஸ்பெக்டனில் இருக்கிறது. அவன் சிரிக்கலாம்.

எந்த ஊர் வண்டி என்பதற்கு, எந்தக் கார் என்பதைவிட அதிக நேரம் செலவிடச் சொல்வேன். டர்பன் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியில் துரு தவிர்க்க முடியாதது. சுபாருவில் பின்சக்கர வளைவின் உள் விளிம்பு, பின் சஸ்பென்ஷன் டவர். ஆடியில் முன் ஃபெண்டரின் அடி. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த இடங்களில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பேனல்பீட்டர் (தகர வேலைக்காரர்) பூசிய புட்டி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வறண்ட மேட்டுநிலமான ஹைவெல்ட் வண்டிகள் இந்த விஷயத்தில் மேல், ஆலங்கட்டி மழைக் குழிகளைப் பொறுத்துக்கொண்டால். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடும். அங்கே லெகசியை ஓட்டிப் பார்த்து 'சோம்பல் வண்டி' என்று தள்ளிவிட்டு வந்தவர்கள் உண்டு. அதையே கடற்கரைக்கு இறக்கிப் பாருங்கள், வேறு வண்டி. நான் பேரம் பேசும்போது இதை விற்பவரிடம் சொல்லவில்லை. மேப் மாற்றிய டர்போ வண்டி வாங்கிக் கீழே கொண்டுவந்தால், மேப்பை இங்கே ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டர்பன் வண்டிதான் என்றால் 2022 ஏப்ரல் வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும். அப்போது மூழ்கிய கார்கள் எல்லாமே நொறுக்கப்படவில்லை. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருக்கும். பதிவுச் சான்றிதழில் கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் விபத்துக்குப் பின் மறுபடி கட்டியது. விற்கவும் கஷ்டம், இன்ஷூரன்ஸும் கஷ்டம். ரோட்வொர்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் பெயர் மாற்றும்போதுதான் தேவைப்படுகிறது. ஒரே கையில் பதினைந்து வருஷம் இருந்த வண்டியை அத்தனை வருஷமும் சோதனை மையம் பார்த்திருக்காது. விற்பவர் தரும் சான்றிதழை நம்பாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஏற்றிப் பாருங்கள்.

டைமிங் பெல்ட் இரண்டுக்குமே உயிர்நாடி. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். 1,00,000 கிலோமீட்டரை ஒட்டி, அல்லது ரசீது இல்லாவிட்டால் வாங்கிய வாரமே, டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். முதல் வருஷத்துக்கு, வாங்கிய விலையில் பாதியாவது கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

லெகசியைப் பற்றி என்ன சொல்வது? 2.0 லிட்டர், மேனுவல், டர்போ இல்லை. அதே நாலு சக்கர விசை, அதே பாகங்கள், இருபது வயதுப் பையன்கள் கைபடாத உடம்பு. பெரும்பாலும் யாரோ ஓய்வுபெற்ற பெரியவர் சர்வீஸ் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார். 2.5 லிட்டரில் ஹெட் கேஸ்கெட் கசிவைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கில் எட்டுப் போடும் சோதனை இன்னும் கட்டாயம். மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அதன் சிறப்பே.

ஐசிப்பிங்கோவில் எனக்கு வேலை செய்து தரும் அங்கிளுக்கு எழுபது வயது. பாக்ஸர் எஞ்சின் தெரிந்தவர். அவருடைய வொர்க்ஷாப் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். ஆடி குவாட்ரோவின் பின்பக்கம் தெரிந்த ஆள் எனக்குக் கிடைத்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். டோ டிரக் வாடகையே என் முடிவை மாற்றியது. உங்கள் ஊரில் இது தலைகீழாக இருந்தால் என் தேர்வும் தலைகீழாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே பையனுக்கு நான் சொன்னது: ஒரே காராக, தினமும் வேலைக்குப் போக என்றால் லெகசி. வீட்டில் இன்னொரு வண்டியும், கூரை போட்ட ஷெட்டும் இருந்தால் கைபடாத 2.0 டபிள்யூஆர்எக்ஸ், கிடைக்கும்வரை பொறுத்திருந்து. தானே கையில் ஸ்பேனர் பிடிப்பவனாக இருந்தால் 1.8 குவாட்ரோ, அவன் பிடிப்பதில்லை.

லெகசி என்றதும் முகம் வாடியது. பிறகு அவனே ஜோகன்னஸ்பர்க் பக்கம் பெனோனியில் ஒரு டபிள்யூஆர்எக்ஸைத் தேடிப் பிடித்தான்: 2003, இரண்டே உரிமையாளர்கள், ஏர் ஃபில்டர் பெட்டி ஒரிஜினல், டைமிங் பெல்ட்டுக்கு ரசீது உண்டு. அங்கிளிடம் படங்களைக் காட்டினோம். "ஆறின எஞ்சின்ல நான் கேட்கணும்" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் மூவரும் போகிறோம். காந்தம், டார்ச், பழைய துணி என்னுடைய பொறுப்பு. ஆயா இப்போதே நாலு சக்கரத்துக்கும் வைக்க எலுமிச்சை வாங்கிவிட்டார். நாலும் ஒரே அளவு இருக்கிறதா என்று அங்கிள் எடுத்துப் பார்த்தார்.